பூண்டி வண்டி போன பிறகு வரும் பத்து நிமிடம்

புதிதாகப் பொறுப்பேற்கும் உங்கள் இருவருக்கும்,

டி.வி. பெட்டியின் ஷட்டர் சாவி நூலகர் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. ஸ்டெபிலைசரின் முள் எங்கே நின்றால் பெட்டியைப் போடலாம், பனி இறங்கும் மாதங்களில் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பவற்றை நூலகரே காட்டிக்கொடுப்பார். ஒரு வாரத்தில் அவை கைக்குப் பழகிவிடும். ஆகவே அவற்றை நான் எழுதவில்லை. மேற்படிப்புக்காக மதுரைக்குப் புறப்படுமுன் நான் எழுதிவைக்க விரும்புவது கரும்பலகையைப் பற்றி. நான்கு ஆண்டுகள் இந்தப் படிப்பகத்தில் மாலை நேர உதவியாளராக இருந்தேன். காலையில் அஞ்சல்வழிப் பாடங்கள், மாலையில் பலகை. இரண்டில் எது எனக்கு அதிகம் கற்பித்தது என்று கேட்டால், தேர்வுத்தாளில் எழுதமுடியாத விடையைத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

பலகை ஏன் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தொடர் மாலை ஏழரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடியும். மலைக்கிராமமான பூண்டிக்குப் போகும் கடைசிப் பேருந்து ஏழு ஐம்பதுக்கு. நம் வாசலுக்கு எதிரேதான் நின்று ஆட்களை ஏற்றிக்கொள்ளும். ஊருக்குள் விடுதிகளிலும் பள்ளிச் சமையற்கட்டுகளிலும் வேலைசெய்து வீடு திரும்புகிறவர்கள், கூக்கால் பக்கம் போகிறவர்கள், பூண்டுத் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அந்த ஒரு வண்டிதான். எனவே எந்தத் தொடரிலும் கடைசிப் பத்து நிமிடத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. இருபது நிமிடம் பார்ப்பார்கள், ஹாரன் அடிக்கும், எழுந்து ஓடுவார்கள். மறுநாள் மாலை வந்து பலகையில் மீதியைப் படிப்பார்கள். எனக்கு முன்பிருந்தவர் தொடங்கிவைத்த வழக்கம் இது. அவர் மூன்று வரிக்கு மேல் எழுதியதில்லை. நான் பத்து வரி எழுதினேன்.

அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்கவில்லை. நான் பேச்சில் கூச்சமுள்ளவள். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் என் குரலை உயர்த்தி எதையும் சொன்னதில்லை. பலகையில் எழுதிவிட்டு நூலடுக்குகளுக்குப் பின்னால் நின்று, பிறர் அதைப் படிக்கும் முகங்களைப் பார்ப்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில்தான் 'தாழ்ப்பா நாடகம்' வந்தது. அதற்கு வேறு பெயர் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு கதவின் தாழ்ப்பாளைக் காட்டித் தொடங்கும் என்பதால் இங்கே எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள். பதின்மூன்று வாரம். கதை எளிது: ஓர் அக்காள், ஒரு தம்பி. பழைய சண்டை ஒன்றுக்குப் பிறகு தம்பி வீட்டுக் கதவை அக்காளுக்குச் சாத்திவிடுகிறான். பன்னிரண்டு வாரமும் அக்காள் எங்கெங்கோ போகிறாள், யார் யாரையோ சந்திக்கிறாள். பதின்மூன்றாவது வாரம் அந்த வாசலுக்குத் திரும்பிவருகிறாள்.

அப்போது மலையில் புதிய கோபுரம் வரவில்லை. சென்னையிலிருந்து வருவதைப் பூஸ்டர் வைத்து இழுத்துக்கொண்டிருந்தோம். கறுப்புவெள்ளைத் திரையில் புள்ளிகள் ஓயாமல் கொட்டும். முகங்கள் பாதிதான் தெரியும். அதனாலேயே பேச்சு அதிகம். பார்த்ததைவிடப் பார்க்காததைப் பற்றி அதிகம் பேசினோம். எதிர்க்கடைத் தையற்காரர் முனியாண்டி அண்ணாச்சி, இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிவந்தவர், அக்காள் கட்டிய சேலை பச்சை என்று சாதித்தார்.

"அண்ணாச்சி, பெட்டியே கறுப்புவெள்ள. பச்சய எங்க பாத்தீங்க?" என்று கேட்பார் பூண்டி வண்டி டிரைவர் பாண்டி அண்ணன். வண்டியை எதிரே நிறுத்திவிட்டு, கையில் சாவியோடு வாசற்படியில் நின்றபடியே இருபது நிமிடமும் பார்ப்பவர் அவர்.

"தேயிலத் தோட்டத்து லயத்துல இருக்கயில தொரைசானிக்கே தச்சவன் நான். துணி விழுகுற விழுகயப் பாத்தாலே கலரு தெரியும். நீ போயி கியரப் பாரு."

"நான் கியரப் பாக்கப் போனா நீங்க பூண்டிக்கு நடந்து போறவகளுக்குத்தான் சட்ட தைக்கணும்."

முன்வரிசையில் எப்போதும் ரோசலி அக்கா இருப்பார். மிஷன் பள்ளி விடுதியின் சமையற்கட்டில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். வண்டியின் ஹாரன் அடித்தால் எல்லாருக்கும் கடைசியாக எழுபவரும், மறுநாள் பலகையின் முன் முதலில் நிற்பவரும் அவரே. விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படிப்பார். தம் விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு தங்கச்சி" என்பார். அவருக்கும் ஒரு தம்பி இருந்ததும், அந்தத் தம்பி பழனிக்குக் கீழே பாலசமுத்திரத்தில் இருந்ததும், அம்மா இறந்தபோது விடுதியில் விடுப்புக் கிடைத்து மண்சரிவு நீங்கி இவர் போய்ச்சேர்வதற்குள் அடக்கம் முடிந்துபோனதும், "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்று தம்பி சொன்னதும் அப்போது எனக்குத் தெரியாது.

பதின்மூன்றாவது வாரம். ஏழு ஐம்பதுக்கு வண்டி போயிற்று. திரையில் அக்காள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் கழித்து ஊர் முழுவதும் மின்சாரம் போயிற்று. எட்டேகால்வரை வரவில்லை.

மறுநாள் நான்கு மணிக்குச் சாக்பீஸோடு பலகையின் முன் நின்றேன். முடிவைப் பார்த்தவர் எவராவது உண்டா என்று காலையிலிருந்து விசாரித்திருந்தேன். ஒருவரும் இல்லை. 'மின்தடை. முடிவு தெரியவில்லை' என்ற மூன்று சொற்களையும் மனத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரியில் பலகை மொட்டையாகத் தெரிந்தது. பன்னிரண்டு வாரம் என் எழுத்தை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் அதைப் படித்துவிட்டு நிற்கப்போகும் நிலையும் தெரிந்தது. அதோடு நான் இலக்கியம் படிப்பவள். கதைப்பின்னல் பற்றிய பாடத்தை அந்த வாரம்தான் முடித்திருந்தேன். வாரந்தோறும் தாழ்ப்பாளைக் காட்டித் தொடங்கும் கதை தாழ்ப்பாள் விலகித்தானே முடியமுடியும்? இது ஊகமன்று, உய்த்துணர்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு எழுதினேன்: 'அக்காள் கதவைத் தட்டினாள். தம்பி கதவைத் திறந்தான். அவள் உள்ளே போனாள்.'

ஐந்து மணிக்கு ரோசலி அக்கா வந்தார். படித்தார். வழக்கம்போலச் சேலையில் விரலைத் துடைக்கவில்லை. என்னைத் தேடி அடுக்குகளுக்குப் பின்னால் வந்தார்.

"தங்கச்சி, எத்தன தடவ தட்டுனா?"

எதிர்பாராத கேள்வி. நான் படித்த கதைகளிலெல்லாம் எதுவும் மூன்றாம் முறைதான் நடக்கும். "மூணு தடவை, அக்கா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

இங்கே சற்று நில்லுங்கள். பலகையில் எழுதியதை யோசித்து எழுதினேன். வாயால் சொன்னதை யோசிக்கவே இல்லை. கேட்டவர் முகத்தில் ஆவல் இருந்தது, எனக்கு அதற்குக் கொடுக்க ஒன்று வேண்டியிருந்தது. உங்களையும் கேட்பார்கள். அடுக்குகளுக்குப் பின்னால் வந்துகூடக் கேட்பார்கள்.

மின்தடையின்போது அறையில் இருந்த ஊர்க்காரர்கள், வெளியூரில் பார்த்த யாரிடமோ கேட்டு நான் எழுதியதாக எண்ணிக்கொண்டார்கள். அது கடைசி வாரமானதால் அந்த எழுத்து உடனே துடைக்கப்படவில்லை. அடுத்த தொடர் தொடங்கும்வரை ஐந்து வாரம் பலகையில் நின்றது. பூண்டியில் அந்த முடிவைக் கண்ணால் பார்த்தவர்களைப்போல விவரித்தார்கள் என்று பாண்டி அண்ணன் பிறகு சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கோபுரம் வந்தது. படிப்பகத்துக்குக் கலர் பெட்டி வந்தது. ஒருநாள் செய்தித்தாளின் நிகழ்ச்சிப் பட்டியலை வெட்டிப் பலகையில் ஒட்டும்போது அந்தத் தொடரின் பெயரையும், அருகே மறுஒளிபரப்பு என்ற சொல்லையும் கண்டேன். அன்று அந்தத் துண்டை இருமுறை கோணலாக ஒட்டினேன்.

ஊருக்கோ திருவிழா. முதல் வாரமே உட்கார இடமில்லை. பழைய நாடகத்தைப் பார்ப்பதற்கு வந்தார்கள் என்பதைவிட, தாங்கள் நினைவில் வைத்திருந்ததைச் சரிபார்க்க வந்தார்கள் என்பது பொருந்தும். புள்ளிக்கூட்டத்துக்குப் பின்னால் பார்த்த முகங்கள் இப்போது மூக்கும் முழியுமாக வந்தன. "இவளா அவ? நான் ஒல்லியா இருப்பான்னுல நெனச்சேன்" என்று ஒரு குரல். அக்காளின் சேலை திரையில் வந்தது. கடுகு மஞ்சள். அறை முழுவதும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது.

அவர் அசையவில்லை. "புதுப் பெட்டில கலரு தப்பா வருது. யாராச்சும் திருகிப் பாருங்கப்பா."

நான்காம் வாரம் விசித்திரமான ஒன்று நடந்தது. தம்பி வீட்டுச் சாவியைக் கிணற்றில் வீசும் காட்சி அந்த வாரத்தில் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. வெட்டிவிட்டார்கள் என்று அறை கொந்தளித்தது. ஒருவர் கிணற்றின் கைப்பிடிச்சுவர் இடிந்திருந்ததாகவும், இன்னொருவர் சாவி விழுந்த சத்தத்தைத் தம் காதால் கேட்டதாகவும் சொன்னார். எனக்கும் அந்தக் காட்சி மங்கலாக நினைவிருந்தது. ஆர்வம் தாங்காமல், பலகையில் எழுதுமுன் வரைவு எழுதிப் பார்க்கும் என் பழைய நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நான்காம் வாரத்துக்கான பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'கிணற்றில் வீசிய சாவியைப் போல அவனிடமிருந்து பதிலே வரவில்லை.'

ஓர் உவமை. நாற்பது பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஓர் உவமைக்கே இவ்வளவு என்றால் பதின்மூன்றாம் வாரத்துக்கு எவ்வளவு என்ற எண்ணம் வந்தது. நோட்டை மூடிவைத்தேன்.

அடுத்த வாரம் தொடர் தொடங்குமுன் ரோசலி அக்கா என்னருகே வந்து நின்றார்.

"இன்னும் எட்டு வாரம் கெடக்குல்ல தங்கச்சி, அந்தக் கடைசி வாரத்துக்கு?"

"ஒன்பது, அக்கா. இன்றையதையும் சேர்த்து."

"பாலசமுத்திரத்துல என் தம்பி இருக்கான், பின்கட்டுல கொய்யா மரம் நிக்கிற எங்க அம்மா வீட்டுல. நீ எழுதுனதப் படிச்சுட்டு ரெண்டு தடவ போயிட்டு வந்தேன். தெறக்கல. மூணாவது தடவைக்கு முன்னாடி அத ஒருக்கா நல்லாப் பாத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். அவ எப்படி நின்னா, என்ன சொல்லித் தட்டுனான்னு பாக்கணும். அன்னைக்கி வண்டிக்கு ஓடுனதுல ஒண்ணும் பாக்கல."

அம்மாவின் அடக்கத்தைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். அன்று திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பலகையில் எழுதுவதற்கு அண்ணாச்சியைக் கேட்டு எழுதினேன்.

இனி நான் செய்ததை உள்ளபடி எழுதுகிறேன். ஏழு வாரம் ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் மூன்றாம் முறை போகாமலே இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் என் வாயில் பிறந்த ஓர் எண்ணை நம்பி மலையிறங்குவார். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் நான் நம்பிக்கொண்டிருந்தது ஏழு ஐம்பது வண்டியை. இம்முறையும் பூண்டிக்காரர்கள் முடிவைப் பார்க்கப்போவதில்லை. இம்முறையும் பலகைதான் சொல்லப்போகிறது. மறுநாள் எதையேனும் பொருத்தமாக எழுதிக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் வாரம் ஹாரன் அடிக்கவேண்டிய நேரத்தில் பாண்டி அண்ணன் வாசற்படியிலிருந்து உள்ளே வந்தார். இருபது நிமிடம் முடிந்திருந்தது. ஆட்கள் எழத் தொடங்கியிருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அடுத்த வாரம் யாரும் எந்திரிச்சு ஓட வேணாம். வண்டி எட்டு மணிக்குத்தான் எடுக்கும்."

"டிப்போல கேட்டா?" என்றார் அண்ணாச்சி.

"வழியில மாடு படுத்துருச்சும்பேன். பத்து நிமிசம் லேட்டானா மலை என்ன எறங்கியா போயிரும்? ரெண்டு வருசமா இந்த வாசல்ல நின்னு பாதி நாடகம் பாத்தவன் நான். ஒரு நாளு முழுசாப் பாத்துக்கிறேன்."

அறை ஆரவாரித்தது. "பலகைக்காரப் பாப்பா, அடுத்த வாரம் ஒனக்குச் சோலியே இல்ல!" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

நான் சாய்ந்துகொண்டிருந்த மறைவு போயிற்று. அதுவரை வராத தெளிவு அதன்பிறகே வந்தது என்பதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நீங்கள் என்னைவிட வெரசாக முடிவெடுப்பீர்கள் என்ற எண்ணத்தில் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் வாரத்தன்று காலை, பலகையில் ஒரு திருத்தம் எழுதத் தொடங்கினேன். 'முன்பு இப்பலகையில் எழுதப்பட்ட முடிவு' என்பதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். மாலையில் ரோசலி அக்கா வந்து நாற்பது பேரோடு நின்று விரலால் தொட்டு இதைப் படிப்பார். நான் அடுக்குக்குப் பின்னால் நிற்பேன். அது எனக்கு மிக வசதியான முறை என்று புரிந்தது. பலகையைத் துடைத்துவிட்டு விடுதிச் சமையற்கட்டுக்கு நடந்தேன்.

பின்கட்டில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே மணையில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார். என்னை அங்கே பார்த்ததும் எழப்போனார்.

"உக்காருங்க அக்கா. மூணு தடவை தட்டினாள்னு நான் சொன்னேன். அது நான் பார்த்தது இல்லை."

"பின்ன?"

"அன்னைக்கு உங்க வண்டி போனதும் ஊரெல்லாம் கரண்டு போச்சு. யாருமே முடிவைப் பார்க்கலை. கதவு திறந்துச்சுன்னு நானாத்தான் எழுதினேன். மூணுன்னு நானாத்தான் சொன்னேன்."

கத்தி நின்றது.

"மொத தடவ போனப்ப அவன் பொஞ்சாதி ஜன்னலச் சாத்துனா" என்றார். குரல் உயரவில்லை. "ரெண்டாவது தடவ உள்ள ரேடியோ பாடுச்சு. நான் தட்டவும் சத்தத்தக் கூட்டி வச்சான். தெருவுல நாலு பேரு பாக்குறாங்க. அப்பயும் நான் அழுகல தெரியுமா? இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறுனேன். ரெண்டு வருசம் அந்த ஒண்ண வச்சிருந்தேன் தங்கச்சி. இப்ப அதயும் நீயே வந்து எடுத்துக்கிட்ட."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றதாகவோ மறுத்ததாகவோ எந்த அடையாளமும் தரவில்லை. "பிள்ளைங்க சாப்பாட்டுக்கு வந்துருவாங்க. போ" என்றார். போனேன்.

மாலையில் பலகையில் திருத்தத்தை முழுமையாக எழுதினேன்: 'இரண்டு ஆண்டுகளுக்கு முன் இத்தொடரின் முடிவாக இங்கே எழுதப்பட்டது எவரும் பார்த்ததன்று. மின்தடையால் பார்க்க இயலவில்லை. எழுதியவளே புனைந்தது.' கீழே என் பெயரையும் எழுதினேன். இம்முறை அடுக்குகளுக்குப் பின்னால் போகாமல் பலகையருகே நின்றேன். நூலகர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்கள் விடவில்லை.

"பூண்டில எத்தன பேருக்கு நான் அடிச்சுச் சொல்லிருக்கேன்! என் பேச்ச இனி எவன் நம்புவான்?" என்றார் ஒரு தோட்டக்காரர்.

"ஏலே, ஒன் பேச்ச முன்னாடி மட்டும் எவன் நம்புனான்?" என்றார் பாண்டி அண்ணன். ஆனால் என் பக்கம் திரும்பியபோது அவர் சிரிக்கவில்லை. "பாப்பா, அந்தக் கிணறு?"

"அதுவும் என்னுடையதுதான், அண்ணே."

"அடப்பாவி. அதுக்கு நான் கண்ணு கலங்குனேன்."

ஏழரைக்குத் தொடர் தொடங்கியது. ரோசலி அக்காவின் இடம் காலியாக இருந்தது. ஏழே முக்காலுக்கு வந்தார். முன்வரிசைக்கு வராமல் வாசற்படியில், பாண்டி அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார். அதற்குள் ரோசலி அக்காவின் முன்வரிசை இடத்தில் பாண்டி அண்ணன் உட்கார்ந்துவிட்டிருந்தார். ஏழு ஐம்பது ஆயிற்று. ஹாரன் அடிக்கவில்லை. எதிரே வண்டி விளக்கணைத்து நின்றது. அந்த அறையில் எவரும் முழுதாகப் பார்த்திராத பத்து நிமிடம் தொடங்கியது.

அக்காள் தெருமுனையில் திரும்பினாள். வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள். தட்டவில்லை. கையை இறக்கி, படியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு, சின்ன வயதில் தம்பியை அழைத்த செல்லப் பெயரைச் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. ஜன்னலின் வெளிச்சம் அவள் தோளில் விழுந்தது. பெயர்கள் ஓடத்தொடங்கின.

பிறகு அறை வெடித்தது.

"அம்புட்டுத்தானா?" என்று எழுந்தேவிட்டார் பாண்டி அண்ணன். "இதுக்கா வண்டிய நிப்பாட்டுனேன்? தெறந்தானா இல்லையாய்யா?"

"வெளக்கப் போட்டவன் தெறக்காமலா இருப்பான்?" என்றார் அண்ணாச்சி.

"யாரு வந்துருக்கான்னு பாக்கக்கூடப் போட்டுருப்பான். பாத்துட்டு அமத்திருப்பான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"பாப்பா எழுதுனதே மேலு. கதவு தெறந்துச்சு, சோலி முடிஞ்சுச்சு" என்றது இன்னொரு குரல்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் வாசற்படியைப் பார்த்தேன். ரோசலி அக்கா வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பாண்டி அண்ணன் தர்க்கத்தைப் பாதியில் விட்டு ஓடினார். வண்டி எட்டு பத்துக்குத்தான் புறப்பட்டது.

மறுநாள் பலகையில் எழுதினேன்: 'அக்காள் தட்டவில்லை. பெயர் சொல்லி ஒருமுறை அழைத்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. கதவைக் காட்டவில்லை. பார்த்தது இதுவரை.' அதன்கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இடத்தை வெறுமையாக விட்டேன். அன்று முதல் எல்லா வாரமும் அந்தக் கோடும் அந்த இடமும் பலகையில் இருக்கின்றன. நீங்கள் அதை என் பழக்கக்கோளாறு என்று எண்ணி நிரப்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது.

ரோசலி அக்கா அதன்பின் ஆறு வாரம் படிப்பகத்துக்கு வரவில்லை. வேலை முடிந்து நேரே வண்டியில் ஏறிக்கொள்வார். எதிரே நின்ற வண்டியின் ஜன்னலில் அவர் முகம் தெரியும். நான் வெளியே வந்து பேச முயலவில்லை. என் ஆறுதலுக்காக அவரை இன்னொரு முறை பேசவைக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏழாம் வாரம் சனிக்கிழமை காலை வெள்ளனே, பாடப்புத்தகப் பார்சல் வாங்கப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். பழனி வண்டியில் மடியில் ஒரு கூடையோடு ரோசலி அக்கா உட்கார்ந்திருந்தார். கூடையில் பிளம்ஸ் தெரிந்தது. வண்டி போகும்வரை நான் ஒரு தூணருகே நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. மாலை ஏழேகாலுக்குப் படிப்பகத்தில் நான் மட்டும் இருந்தேன். அவர் உள்ளே வந்தார். பலகையைப் படித்தார். கோட்டுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் மேசைமேல் ஒரு மஞ்சப்பையை வைத்தார். உள்ளே கொய்யாப்பழங்கள்.

"கேக்க மாட்டியா?" என்றார்.

நான் வாழ்க்கையில் வேறெதையும் அவ்வளவு அறிய விரும்பியதில்லை. "நீங்க சொன்னா கேட்டுக்கிறேன், அக்கா" என்றேன்.

"சொல்ல மாட்டேன். நீ எழுதிப்புடுவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எதிரே வண்டி வந்து நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஏறினார்.

பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தேன். காம்போடு இரண்டு இலைகள் ஒட்டியிருந்தன. இலைகள் வாடவில்லை. அன்று காலையில்தான் மரத்திலிருந்து பறித்திருக்கவேண்டும்.

நான் பார்த்தது இதுவரை.